சாப்பாடு ஐந்து, சரித்திரம் ஐந்து

பைண்டிங் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பதினோரு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். அதில் ஒரு தப்பு செய்தேன். தப்பைச் செய்தது நான், அதற்குத் தண்டனை வாங்கியது வேறொருத்தி. பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

1. முதல் நாள்

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆகாமலே போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் நான் வேலை தேடினேன். வடக்குத்து என்கிற ஊரில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஷீட் போட்ட ஒரு கூடத்தில் பைண்டிங் வேலை நடந்தது. பள்ளிக்கூட நோட்டு, ஆபீஸ் ரிஜிஸ்டர், சில சமயம் புத்தகம். அச்சு வேறு ஊரில் நடக்கும். மடிப்பு, தையல், அட்டை, கட்டிங் எல்லாம் எங்களிடம்.

முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார். "படிச்சிருக்கியா?"

"அஞ்சாவதுங்க."

"படிக்க வேணாம். எண்ணு தெரிஞ்சா போதும். எழுத்த பாத்துக்கினு ஒக்காந்தா வேல ஆவாது."

வேலை இதுதான். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மூன்று மடிப்பு மடித்து, மூங்கில் பட்டையால் அழுத்தித் தேய்த்தால் ஒரு பாரம். முதல் பக்கத்தின் அடியில் சின்னதாகப் பாரம் எண் போட்டிருக்கும். ஒன்றாவது பாரம் ஒரு அடுக்கு, இரண்டாவது ஒரு அடுக்கு என்று மேஜையில் வரிசையாக வைப்போம். ஒருத்தி அடுக்குக்கு அடுக்கு நடந்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவாள். கடைசி அடுக்கில் ஒரு புத்தகம் கையில் இருக்கும். பிறகு தையல், பசை, அட்டை. மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, பூச்சி அரிக்காது.

எனக்கு மடிப்பு. பாரம் சேர்ப்பது அஞ்சலை.

அஞ்சலைக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் சரியாகத் தெரியாது. ஆனால் அவளைப்போல நடக்க ஆள் கிடையாது. பதினெட்டு அடுக்கு இருந்தாலும் கை தவறாது. "நா என்னாக்கா, படிக்கவா போறேன்? பந்தி பரிமாறுறேன். எலைக்கு எல வெச்சிக்கினே போறதுதான்" என்று சிரிப்பாள். என்னை விடப் பத்து வயது சின்னவள். முன்னால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை வறுக்கும் கூடத்தில் வேலை செய்தவள். அந்தப் புகையில் நெஞ்சு கெட்டு இளைப்பு வந்துவிட்டது. புகைப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லித்தான் இங்கே வந்தாள். வெயிலில் களை வெட்டவும் மூச்சு வராது. உட்கார்ந்து எழுந்து, நிழலில் நடந்து செய்யும் இந்த வேலை ஒன்றுதான் அவளால் முடிந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

2. மதாம் கொண்டுவந்த புத்தகம்

தானே புயல் அடித்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒரு ஆனி மாதம். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய தம்பி மகன் மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தார், அவர்தான் எங்கள் கூடத்தைக் காட்டியது. பாண்டிச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம் என்று சொல்லி, முதலாளியின் மச்சான் சேகர் அவரை "மதாம்" என்றான். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சேகர்தான் எங்களுக்கு சூப்பர்வைசர்.

மதாம் எழுதிய புத்தகம் பாண்டிச்சேரியின் சாப்பாட்டையும் சரித்திரத்தையும் பற்றியது. டவுன்ஷிப்பில் வருஷா வருஷம் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் அதை வெளியிட ஏற்பாடு. பாண்டியில் அச்சான தாள்கள் வேனில் வந்து இறங்கின. மொத்தம் ஐந்நூறு புத்தகம்.

"ரெண்டு பாகம்மா" என்று மதாம் எங்களிடமே வந்து சொன்னார். "மொத பாகம் சாப்பாடு. ரெண்டாவது சரித்திரம். சமையல் புக்குன்னு வாங்குறவங்க அதயும் படிக்கட்டும்னுதான் ஒண்ணா போட்டேன்."

ஒன்றாகப் போட்டாரே தவிர, பக்க எண் ஒன்றாகப் போகவில்லை. சாப்பாடும் பக்கம் ஒன்றில் ஆரம்பம், சரித்திரமும் பக்கம் ஒன்றில் ஆரம்பம். பாரம் எண்ணும் அப்படியே. சாப்பாட்டில் ஐந்தாவது பாரம் அறுபத்தைந்தாம் பக்கம். சரித்திரத்திலும் ஐந்தாவது பாரம் அறுபத்தைந்தாம் பக்கம். எந்தப் பாகம் என்று அச்சகத்துக்காரர்கள் அடியில் குறிக்கவில்லை.

சேகர் ஒரு வழி சொன்னான். "சாப்பாடெல்லாம் ஜன்னல் ஓரம். சரித்திரமெல்லாம் செவுத்து ஓரம். மாத்துனீங்க, தொலஞ்சீங்க."

எழுத்தைப் பார்க்காதே என்று சொல்லியிருந்தாலும், அந்தப் புத்தகத்தை மடிக்கும்போது நான் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உளுந்தோடு சேர்த்து உருட்டி, விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைக்கிற வடகத்தைப் பற்றி நாலு பக்கம். அந்த வடகம் கப்பலேறி, வெள்ளைக்காரன் அடுப்பங்கரை வரைக்கும் போனதாம். எங்கள் வீட்டிலும் அதே வடகம்தான். அதைப் பற்றி ஒருத்தர் புத்தகம் எழுதுவார் என்று நான் நினைத்ததில்லை. மத்தியானம் சாப்பிடும்போது அஞ்சலையிடம் சொன்னேன்.

"வடகத்துக்கு நாலு பக்கமா? என் மாமியா நாலு நிமிசத்துல சொல்லுவா, அதுல மூணு நிமிசம் என்ன வைவா" என்றாள்.

3. மழை

தாள் வந்த ஐந்தாம் நாள். அடுக்கெல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம். சேகர் வீட்டுக்குப் போயிருந்தான். மற்ற பெண்கள் எதிரே டீக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அஞ்சலையும் அங்கேதான். எனக்கு ஆம்பளைகள் டீ குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். கூடத்திலேயே சாப்பிடுவேன்.

திடீரென்று மழை பிடித்தது. புயலில் பறந்த ஷீட்டுகளைத் திரும்பப் போட்டபோது ஒன்று சரியாக உட்காரவில்லை. அது சுவர் ஓரத்து மேஜைக்கு நேர் மேலே. சொட்டு விழ ஆரம்பித்தது, தாளில் விழுவதற்கு இரண்டு கை தூரம்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். சரித்திரத்தில் நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று அடுக்கையும் தூக்கி ஜன்னல் ஓரத்து மேஜையில் வைத்தேன். அங்கே இடம் போதவில்லை. சாப்பாட்டில் ஐந்தாவது அடுக்கை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். ஒரு தாளும் நனையவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மழை கால் மணி நேரத்தில் விட்டது. மேஜையைத் துணியால் துடைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டினேன். அதற்குள் ஷிப்ட் பஸ் போகும் சத்தம் கேட்டது. இரண்டு மணி, சேகர் வந்துவிடுவான். மேஜை கலைந்து கிடந்தால் கத்துவான். அவசர அவசரமாக அடுக்குகளைத் திரும்ப வைத்தேன். நாலு, ஐந்து, ஆறு. எண்ணைப் பார்த்து வைத்தேன். ஸ்டூலில் இருந்த ஐந்து சுவர் ஓரம் போனது. ஜன்னல் மேஜையில் இருந்த சரித்திர ஐந்து அங்கேயே நின்றுவிட்டது.

நாலு நாளாகப் படித்துக்கொண்டே மடித்தவள் நான். ஒரு வரி படித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் படிக்கவில்லை.

ஷீட் ஒழுகி அடுக்கை நகர்த்திய கதையை யாரிடமும் சொல்லவும் இல்லை. தாள் நனையாதபோது என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அஞ்சலை அன்று சாயங்காலம் வரைக்கும் நடந்தாள், மறுநாளும் நடந்தாள். சேகர் பத்துக்கு ஒன்று எடுத்து, பக்கத்தின் மூலையைப் புரட்டிப் பார்த்தான். அறுபத்துநாலு, அறுபத்தைந்து. எண்பது, எண்பத்தொன்று. சரியாக இருந்தது. தையலுக்குப் போனது.

4. கேள்வி

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னால் மதாம் வந்தார். முந்நூறு புத்தகம் அட்டை போட்டுக் கட்டிங் ஆகித் தயாராக இருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார், சிரித்தார். நின்றபடியே புரட்டினார். பிறகு சிரிப்பு நின்றது.

"இது என்னா? மீன் கொழம்புக்கு வடகத்த வதக்கினு இருக்கேன், திடீர்னு ஜனங்க புல்லு வேர தின்னுக்கினு நிக்குறாங்க?"

சேகர் முதலில் சிரித்துவிட்டான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்தினான். இன்னொரு புத்தகத்தைப் பிரித்தார்கள். அதிலும் அப்படியே. சரித்திரப் பாகத்தைப் பார்த்தார்கள். கோட்டைக் கதவை மூடினார்கள் என்று அறுபத்துநாலாம் பக்கம் முடிகிறது, அடுத்த பக்கத்தில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து இறக்கச் சொல்கிறது. பத்துப் புத்தகம் பிரித்தார்கள். பத்தும் அதே.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மழை, ஸ்டூல், ஐந்து.

"யாரு பாரம் சேத்தது?" என்றார் முதலாளி. யார் என்று அவருக்குத் தெரியும். "அஞ்சல, இங்க வா."

அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வெச்சிருந்த எடத்துலேருந்துதாங்க எடுத்தேன். வரிச மாத்தலீங்க."

"நா எண்ணு பாத்தேன் மாமா" என்றான் சேகர். "எண்ணு சரியாத்தான் இருந்துச்சு. அடுக்கு மாறுனது இவ கைலதான். எழுத்து தெரியாதத நடக்க வுட்டா இப்படித்தான்."

"சத்தியமா இல்லீங்க. நா அடுக்க தொடவே மாட்டேங்க. மேல இருக்கறத ஒண்ணொண்ணா எடுப்பேன், அவ்ளோதாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பவுனம்மா, நீதான எப்பவும் கூடத்துலயே கெடக்குற. அடுக்கு மாறுனத பாத்தியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்க நான் பேசியதே கிடையாது. கல்யாணத்தில்கூட வாயைத் திறக்காதவள். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்கவில்லை என்று முதலாளி எடுத்துக்கொண்டார்.

"அது படிச்சது. அது கை பட்டிருந்தா மாறியிருக்காது" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு அஞ்சலையிடம், "நாளலேருந்து வேலைக்கு வராத" என்றார்.

"ஐயா, எனக்கு பொக ஆவாதுங்க. இங்க வுட்டா திரும்ப முந்திரி கூடந்தாங்க. ஒரு தடவ மன்னிச்சுக்குங்க."

"ஒரு தடவையா? முந்நூறு புக்குடி!"

மதாம் குறுக்கே வந்தார். "எதுக்குங்க வேலைய வுட்டு அனுப்புறீங்க? பிரிச்சி தைச்சா ஆச்சு. நானே பக்க எண்ண ஒழுங்கா போட சொல்லியிருக்கணும்."

"மேடம், மூணு நாள்ல உங்களுக்கு புக்கு வேணுமா, இல்ல இவளுக்கு பஞ்சாயத்து பண்ணணுமா?"

மதாம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "புக்கு வேணும்" என்றார். சத்தம் குறைந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

அஞ்சலை சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மூங்கில் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. பிரித்தது

மூன்று நாளும் பிரிக்கிற வேலை எனக்கே வந்தது. அட்டையை ஈரத்துணி வைத்து நெகிழ்த்தி, முதுகுப் பசையைச் சுரண்டி, நூலை அறுத்து, இரண்டு ஐந்தையும் எடுத்து இடம் மாற்றி, மறுபடி தைக்க வேண்டும். திரும்பக் கட்டிங் போட்டதால் அந்தப் புத்தகங்கள் உயரம் கொஞ்சம் குறைந்துவிட்டன. வெளியீட்டுக்கு நூற்றிருபதுதான் தயாரானது. மீதியைக் கண்காட்சி முடியும் வரைக்கும் தினம் கொஞ்சமாக அனுப்பினோம்.

அந்த ஐந்தாவது பாரத்தை அப்போதுதான் முழுக்கப் படித்தேன். ஒரே பாரம் திரும்பத் திரும்பக் கைக்கு வரும்போது ஒரு தடவைக்கு ஒரு பத்தி படித்தாலும் முடிந்துவிடும். அந்த ஊரை எதிரிப்படை சுற்றி வளைத்த கதை. கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தானியம் குறைந்துபோனது. அதனால் உள்ளே இருந்த நம் ஜனங்களை, சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், பிள்ளைகள் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பக்கம் எதிரிப்படையும் விடவில்லை. திரும்பிக் கோட்டைக்கு ஓடி வந்தால் மதில் மேலிருந்து சுட்டார்கள். நடுவிலே புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு நாள் கணக்காக நின்றார்கள்.

நேற்று வரைக்கும் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள்தானே மதில் மேல் நின்றவர்கள் என்று மதாம் எழுதியிருந்தார். அந்த வரி வரும்போதெல்லாம் நான் பாரத்தை மூடிவிடுவேன். அடுத்த புத்தகத்தைப் பிரித்தால் அதிலும் அதே வரி.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கண்காட்சி முடிந்தது. அதற்கப்புறம் ஒரு காலையில், சேகர் வருவதற்கு முன்னால், முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். நின்றதையே அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். சொன்னேன். மழையில் ஆரம்பித்துச் சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் முடித்தேன்.

அவர் கணக்கு நோட்டை மூடினார். "ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வாய் வரலீங்க."

"இப்ப வந்து என்னா? அவ எடத்துக்கு சேகரு சொந்தக்கார பொண்ண போட்டாச்சு. அவள திரும்ப கூப்ட்டா, கூடத்துல எல்லாரும் என்ன கேப்பாங்க. சேகரு மூஞ்ச எங்க வெச்சிக்குவான்?"

"அப்ப என்ன அனுப்பிடுங்க."

"உன்ன அனுப்பிட்டு யார வெச்சி மடிக்கிறது? போம்மா. போயி வேலைய பாரு."

போய் வேலையைப் பார்த்தேன்.

6. முந்திரிக் கூடம்

பண்ருட்டி பஸ் ஏறி, இறங்கி, கேட்டுக் கேட்டுப் போனேன். தகரக் கூரை போட்ட கூடம். ஒரு ஓரத்தில் கொட்டை வறுக்கிறார்கள். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை மூக்கோடு சேர்த்துத் துணி கட்டியிருந்தாள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். சந்தோஷமாகத்தான் வந்தாள்.

"அக்கா! என்ன தேடிக்கினா வந்த? வா, வெளிய வா, உனக்கு இந்த பொக ஆவாது."

வெளியே புளியமரத்தடிக்கு வருவதற்குள் அவளுக்கு இளைத்தது. நின்று, இடுப்பில் கை வைத்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். இழுக்கும் மருந்தை இடுப்பிலிருந்து எடுத்து இரண்டு தடவை இழுத்தாள். அது அடங்கும் வரைக்கும் காத்திருந்து சொன்னேன்.

அவள் கடைசியில் கேட்டாள்.

"மொதலாளி உன்ன கேட்டாரே. அப்பவே உனக்கு தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு எல்லாரும் என் மூஞ்ச பாத்தாங்க. நீ மட்டும் தலைய குனிஞ்சிக்கின. பாவம், அக்கா எனக்கோசரம் அழுவுதுன்னு நெனச்சேன். வூட்டுக்கு போயி என் பொண்ணுகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என்னைத் திட்டு என்றேன்.

"திட்டி என்னாக்கா? எனக்கு திட்ட மூச்சு ஏது?"

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். துணியை மறுபடி மூக்கில் ஏற்றிக் கட்டினாள்.

"இனிமே வராத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூடத்துக்குள் போனாள். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றேன். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் எது அவள் தட்டுவது என்று தெரியவில்லை.

மறுபடி ஒரு தடவை போனேன். அவள் வேலைக்கு வருவதில்லை, நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள், படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று அங்கே ஒருத்தி சொன்னாள். மகள் வீட்டுக்கு நான் போகவில்லை. வராதே என்று சொல்லியிருக்கிறாள்.

7. சொல்ல வேண்டியது

அதற்கப்புறம் நான் கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். இரண்டு பாகம் உள்ள வேலை வந்தால், மடிக்கிறபோதே ஒரு பாகத்தின் முதுகில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். புதிதாக வந்த பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அடுக்கை நகர்த்தினால், எதற்காக நகர்த்தினாலும், நகர்த்தியதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நானே சத்தமாகச் சொல்லாதவள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இது வேலை விஷயம். இன்னொன்று இருக்கிறது. என்னைப்போலக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு நிறைய வருகிறார்கள். யாரோடும் பேசாமல் மடித்துக்கொண்டே இருக்கலாம் என்றுதான் வருகிறார்கள். உங்கள் கூடத்திலும் ஒரு நாள் ஒருத்தியை நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்று குரல் வராமல் போகும், எனக்குத் தெரியும். வராவிட்டால் கையைத் தூக்குங்கள். பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. அதற்குக் குரல் வேண்டியதில்லை.

ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.